போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு 14 வயது. ஒரு வருடமாகக் கண்ணாடியே கதி என்று இருக்கிறாள். முகம் உருண்டை, கை தடிமன், தொடை பெரிது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தோழிகளோடு எடுத்த போட்டோவில் தான் அசிங்கமாக இருப்பதாக அழுது, அதை அழிக்கச் சொல்லி அவர்களோடு சண்டை போட்டாள். இரண்டு மாதமாக இரவில் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள். போன வாரம் காலையில் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்டாகிராமில் அவள் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டுப் பெண்களை. நானும் அந்த வயதில் சினிமா, பத்திரிகை எல்லாம் பார்த்தவள்தான், எனக்கு இப்படி ஆனதில்லை. ஒரு வாரம் போனைப் பிடுங்கி வைத்தேன். என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவள் அப்பா, ‘வயசுக் கோளாறு, விடு’ என்கிறார். இரண்டாவது மகளுக்கு 10 வயது. அவளும் ‘நான் குண்டா?’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள். இது வேறு கலாச்சாரத்துப் பிரச்சினை இல்லையா? எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? போனை ஒரேயடியாக வாங்கி வைத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போனைப் பற்றி அப்புறம் பேசுவோம். கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டன. இரண்டு மாதமாக இரவுச் சாப்பாடு இல்லை, தலைசுற்றல் வந்திருக்கிறது. இந்த வாரமே அவளை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தலைசுற்றலுக்கு இரத்தசோகை போன்ற வேறு காரணமும் இருக்கலாம், அதைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், எடை, உயரம் எல்லாம் பார்ப்பார்கள். பழைய எடை, உயரக் குறிப்புகள் கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். வளர்கிற பெண்ணுக்கு எடை குறைந்தால்தான் கவலை என்பதில்லை, ஏறாமல் அப்படியே நின்றிருந்தாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்றும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் நின்றிருந்தால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாளா, பேதி மாத்திரை ஏதாவது வாங்குகிறாளா, ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி செய்கிறாளா என்பதையும் கவனியுங்கள். துப்பறிகிற மாதிரி வேண்டாம், ஒரு கண் இருந்தால் போதும்.

‘அவள் ஒன்றும் எலும்பும் தோலுமாக இல்லையே’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உணவுக் கோளாறு, அதாவது சாப்பாட்டுப் பழக்கமும் உடலைப் பற்றிய எண்ணமும் கெட்டுப்போகும் மனநலப் பிரச்சினை, எந்த எடையிலும் வரும். பருமனான பெண் சாப்பாட்டை விட்டால் சுற்றியிருப்பவர்கள் பாராட்டவே செய்கிறார்கள், அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. மருத்துவரிடம் முன்கூட்டியே பேச முடிந்தால், அவள் எதிரில் எடையைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘உயிரோடு இருந்து என்ன’ என்கிற தொனியில் அவள் ஏதாவது பேசினால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. பருவமடையும் வயதில் பெண்ணின் உடலில் கொழுப்பு கூடும், இடுப்பு அகலும், தொடை பருக்கும். மாதவிடாய் சீராக வருவதற்கே உடலுக்கு அந்தக் கொழுப்பு வேண்டும். ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று படங்கள் சொல்லும் அதே வருடங்களில், அவள் உடல் அதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. உடல் சரியாகத்தான் நடந்துகொள்கிறது, அவளுக்கோ தன் உடல் தன்னை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறது. பிரிட்டனில் ஏமி ஆர்பன் என்ற ஆய்வாளரின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகத்தை அதிகம் பயன்படுத்திய பெண்களுக்கு 11 முதல் 13 வயது வரையிலான காலத்தில் ஓராண்டு கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைந்திருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் காலம் 14, 15 வயதில் வந்தது. ஆகவே வயசுக்கும் இதில் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘விடு’ என்கிறாரே, அந்த மீதிப் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘நானும் சினிமா பார்த்தவள்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பல அம்மாக்கள் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே ஒன்றைச் சொல்லி வைத்தார்: மனிதர்கள் தங்களை அளந்து பார்ப்பது பெரும்பாலும் தங்களைப் போன்றவர்களோடுதான். சினிமா நடிகை உங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டீர்கள், படம் முடிந்ததும் எழுந்து வந்துவிட்டீர்கள். பத்திரிகைக்கும் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. உங்கள் மகளின் போனில் நடிகையும், வகுப்புத் தோழியும், தோழியின் அக்காவும், முன்பின் தெரியாத ஒரு பதினைந்து வயதுப் பெண்ணும் ஒரே வரிசையில் வருகிறார்கள். எல்லோருக்கும் கீழே எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற எண் இருக்கிறது. அந்த வரிசையில் அவளுடைய படமும் நிற்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்வையாளராக மட்டும் இருந்தீர்கள். அவள் மேடையிலும் நிற்கிறாள்.

அந்த குரூப் போட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதுப் பெண்கள் அப்படி ஒரு படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று என் ஆலோசனை அறையில் பலமுறை கவனித்திருக்கிறேன். படம் வந்ததும் இரண்டு விரலால் விரித்துத் தன்னை மட்டும் பெரிதாக்குவாள். முதலில் தாடை, அப்புறம் மேற்கை. படத்தில் ஓரமாக நின்றிருந்தால், கையை ஏன் உடம்போடு ஒட்டி வைத்தோம், அதனால்தான் தடிமனாகத் தெரிகிறது என்று ஒரு கணக்கு ஓடும். பிறகு ஒவ்வொரு தோழியாக நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். சிரிப்பு, அன்றைய அரட்டை, யார் என்ன ஜோக் சொன்னது, எதுவும் அந்தப் படத்தில் அவளுக்குத் தெரியாது. ‘அழிச்சிடு’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வெளியே வரும். நீங்கள் பார்த்த சண்டை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும்.

தன் உடலைத் தானே வெளியே நின்று பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி 1997இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு சோதனையில் கல்லூரி மாணவ மாணவியரைத் தனி அறையில் நீச்சலுடையையோ கம்பளிச் சட்டையையோ போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்த உடையிலேயே கணக்குத் தேர்வு வைத்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் நீச்சலுடையில் இருந்த பெண்கள் கணக்கில் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. தன்னைக் கண்காணிக்கும் வேலைக்கு மூளையில் ஒரு பங்கு போய்விடுகிறது. உங்கள் மகளின் படிப்பு கொஞ்சம் சரிந்திருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்ஃபியைத் திருத்திப் போட்டால் மனம் நிறையும் என்று பெண்கள் நினைக்கிறார்கள். கனடாவில் ஜெனிஃபர் மில்ஸ் குழு 2018இல் வெளியிட்ட சோதனையில், செல்ஃபி எடுத்துப் பதிவிட்ட இளம் பெண்களுக்குப் பதற்றம் கூடி, தன்னம்பிக்கை குறைந்திருந்தது. படத்தைத் திருத்த அனுமதித்தும் அதே கதைதான். ஃபில்டர் வேறொரு வேலையும் செய்கிறது. மூக்கை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கி, தாடையைக் கூராக்கி, நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிறது. எந்த நாட்டுப் பெண் போட்டுக்கொண்டாலும் ஏறக்குறைய ஒரே முகம்தான் வருகிறது.

இது உங்கள் கலாச்சாரக் கேள்வியில் கொண்டுவந்து விடுகிறது. நான் அதிக நேரம் செலவிட நினைப்பது இதில்தான்.

அழகின் அளவுகோல் உலகம் முழுக்க ஒன்றாக இருந்ததே இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான மொரிட்டானியாவில் பருமன்தான் அழகு என்று சிறுமிகளுக்கு வற்புறுத்திப் பாலைப் புகட்டும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அதுவும் கொடுமைதான். பழைய அளவுகோல்கள் எல்லாம் பெண்ணுக்கு இதமானவை என்று நான் சொல்ல வரவில்லை.

பசிபிக் கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே வலுவான, சதைப்பிடிப்பான உடலுக்குத்தான் மதிப்பு. நன்றாகச் சாப்பிடுவதே நல்ல குணம். ஒருத்தி மெலிந்தால், அவளைச் சேர்ந்தவர்கள் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊர் பேசும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர் மனநல மருத்துவர், மானுடவியலாளரும்கூட. அங்குள்ள நட்ரோகா மாகாணத்துக்குத் தொலைக்காட்சி வந்த 1995இல் அவர் பள்ளி மாணவியரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். மூன்று வருடம் கழித்து 1998இல் மறுபடி நடத்தினார். எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் தடவை ஒருவர்கூட இல்லை. இரண்டாம் தடவை 11.3 சதவீதம். தான் ரொம்பப் பெரிதாகவோ குண்டாகவோ இருப்பதாகச் சில நேரமாவது நினைப்பதாக 74 சதவீதம் பேர் சொன்னார்கள். இரண்டு தடவையும் அறுபது சொச்சம் பேர்தான், சின்ன ஆய்வு. அதற்காக அலட்சியம் செய்துவிட முடியாத மாற்றம்.

எனக்கு எண்களைவிட அந்தப் பெண்கள் பேட்டியில் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒல்லியாக இருந்தால் அழகு என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. டிவியில் வருகிற பெண்களுக்கு வேலை இருக்கிறது, அவர்களைப் போல ஆனால் எங்களுக்கும் வேலை கிடைக்கும் என்றார்கள். வேகமாக மாறுகிற உலகத்தில் தானும் முன்னேற வேண்டும் என்று நினைக்கிற பெண், அதற்குத் தன் கையில் இருக்கிற ஒரே கருவி உடல்தான் என்று நம்பிவிடுகிறாள். உங்கள் மகளின் பட்டினிக்குப் பின்னாலும் இப்படி ஏதோ ஓர் ஆசை இருக்கலாம். வகுப்பில் ஒரு கூட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும், யாரோ தன்னைக் கவனிக்க வேண்டும் என்று. வெறும் அழகு ஆசை என்று நினைத்துக் கண்டித்தால் அந்த இடத்தைத் தொடவே மாட்டீர்கள்.

பெக்கர் குழு 2011இல் ஃபிஜியிலிருந்து இன்னோர் ஆய்வையும் வெளியிட்டது. ஒரு பெண் தானே எவ்வளவு ஊடகம் பார்க்கிறாள் என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பது அவளுடைய உணவுக் கோளாறு அறிகுறிகளோடு அதிகம் தொடர்புபட்டிருந்தது. உங்கள் வீட்டில் போனைப் பூட்டி வைத்தாலும், பார்த்தவர்களின் பேச்சு வழியாக அது அவளிடம் வந்து சேரும் என்று அர்த்தம்.

பேச்சு காப்பாற்றவும் செய்யும். 1990களில் அமெரிக்காவில் பதின்வயதுப் பெண்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிய மானுடவியலாளர்கள் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். வெள்ளையினப் பெண்களிடம் லட்சிய அழகி யார் என்று கேட்டால் உயரம், எடை, தலைமுடி என்று ஒரே அச்சாகச் சொன்னார்கள். ‘நான் குண்டு’ என்று ஒருத்தி சொல்வதும் ‘இல்லவே இல்லை’ என்று மற்றவள் சமாதானம் சொல்வதும் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. கறுப்பினப் பெண்களோ நடை, உடை, தன்னை எப்படிக் கொண்டு செலுத்துகிறாள் என்பதைப் பற்றிப் பேசினார்கள். உள்ளதை வைத்து ஜொலிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். தங்கள் உடல் மீது அவர்களுக்கு அதிருப்தி குறைவாகவே இருந்தது. ஒரே நாடு, ஒரே டிவி, ஒரே விளம்பரங்கள். வீட்டிலும் தோழிகளிடமும் கேட்ட பேச்சு வேறு.

ஆகவே இது வேறு கலாச்சாரத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2016இல் சீனத்து இளம் பெண்கள் ஒரு ஏ4 தாளை நிமிர்த்திப் பிடித்து, இடுப்பு அதற்குப் பின்னால் மறைகிறதா என்று படம் போட்டார்கள். அந்தத் தாளின் அகலம் 21 செ.மீ. 2018 வாக்கில் தென் கொரியாவில் பெண்கள் ஒப்பனைப் பொருள்களை நொறுக்கி, தலைமுடியை வெட்டிப் படம் போட்டு, இந்த அழகு விதி எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். விதியும் பரவும், அதற்கு எதிர்ப்பும் அதே திரையில்தான் பரவும்.

நிறுவனங்களுக்குத் தெரியாதா? தெரியும். இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தன. மூன்றில் ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு உடல் பற்றிய சங்கடத்தை நாம் மோசமாக்குகிறோம் என்று 2019லேயே அவர்கள் தங்களுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இலும் நார்வே 2022இலும் விதி கொண்டுவந்தன. ஆனால் அப்படிப்பட்ட குறிப்பைப் படித்ததால் பெண்களின் அதிருப்தி குறைவதாகப் பெரும்பாலான சோதனைகளில் தெரியவில்லை. பொய் என்று தெரிந்தும் மனம் ஒப்பிடத்தான் செய்கிறது. ‘அதெல்லாம் ஃபில்டர், நம்பாதே’ என்று நீங்கள் சொல்வது ஏன் எடுபடவில்லை என்று இப்போது புரியும். அவளுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் உடலைப் பற்றி யார், எப்போது, என்ன பேசுகிறார்கள் என்று சில நாள் காது கொடுத்துக் கேளுங்கள். ‘நான் வெயிட் போட்டுட்டேன்’ என்று நீங்களே கண்ணாடி முன்னால் சொல்வது, அப்பா கிண்டலாக வைத்த பட்டப்பெயர், ‘என்ன இப்படி ஊதிட்டே’ என்று வந்ததும் வராததுமாகக் கேட்கும் அத்தை, எல்லாமே கணக்கில் வரும். அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெற்றோர் எடையை வைத்துப் பேசிய வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது போன்ற பழக்கங்கள் அதிகம் இருந்தன. நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் குறைவு. அப்பாவிடம் கிண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். அத்தையிடம் அவள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அத்தை அவள் எதிரிலேயே சொல்லிவிட்டால், அந்த இடத்திலேயே ‘எங்க வீட்ல உடம்பைப் பத்திப் பேசறதில்லை’ என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். நீங்கள் தனக்காக ஒரு வார்த்தை பேசியதை மகள் கேட்கட்டும்.

‘நீ அழகாத்தான் இருக்கே’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது. பேச்சு மறுபடி அழகிலேயே வந்து நிற்கும். அவள் ‘என் கை அசிங்கமா இருக்கு’ என்றால், ‘இன்னைக்கு ஏதாவது நடந்துச்சா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது. எதிர் எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, ஏதாவது வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருக்கும்போது பேச்சு எளிதாக வரும். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

போன் விஷயம். ஒரேயடியாக வாங்கி வைக்காதீர்கள். அவளுடைய தோழிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறார்கள், நீங்கள் பறித்தது அவர்களையும்தான். அதனால்தான் பேச்சு நின்றது. ஆனால் குறைப்பதில் பலன் இருக்கிறது. கனடாவில் 2023இல் வெளிவந்த சோதனையில், மனச்சோர்வோ பதற்றமோ ஓரளவு இருந்த 17 முதல் 25 வயதுக்காரர்கள் 220 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியினரை மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரத்துக்குள் சமூக ஊடகத்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களுடைய எண்ணம் மேம்பட்டது. உங்கள் மகளைவிடப் பெரியவர்கள், தாங்களாக ஒப்புக்கொண்டு வந்தவர்கள். அந்த ஒப்புதல்தான் முக்கியம். முதலில் போனைப் பிடுங்கியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, ‘மூன்று வாரம் நாம ரெண்டு பேரும் குறைச்சுப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். உங்கள் போனும் கணக்கில் வர வேண்டும். ராத்திரியில் எல்லார் போனும் படுக்கையறைக்கு வெளியே, அப்பாவுடையது உட்பட.

அவள் சம்மதித்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற படங்களை அவளே உங்களுக்குக் காட்டட்டும். எதைப் பார்த்தால் மனசு சுருங்குகிறது என்று அவள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தக் கணக்குகளைப் பின்தொடர்வதை நிறுத்தலாம், ‘ஆர்வமில்லை’ என்று அழுத்தலாம். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதியும் இருக்கிறது. அவள் வரைகிறாளோ, பாடுகிறாளோ, விளையாடுகிறாளோ, அதைச் செய்பவர்களைத் தேடிப் பின்தொடரட்டும். உடலால் என்ன செய்ய முடிகிறது என்று காட்டும் படங்கள், உடல் எப்படித் தெரிகிறது என்று காட்டும் படங்களைப் போலக் குத்துவதில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு ஒன்று செய்து பார்க்கலாம். உணவுக் கோளாறு வராமல் தடுக்கப் பெண்களுக்குத் தரும் பயிற்சிகளில் பல நாடுகளில் சோதித்துப் பலன் கண்ட முறை இது. அழகு விதியை நம்பாதே என்று யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்வதில்லை. அந்த விதியைத் துரத்துவதால் என்னென்ன இழக்க நேரும் என்று தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்கு அவர்களே கடிதம் எழுத வேண்டும். தன் வாயால் எதிர்வாதம் வைத்தவளுக்குப் பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டமாகிவிடும். வீட்டில் பத்து வயதுத் தங்கை ஒருத்தி இருக்கிறாளே. கட்டாயப்படுத்த வேண்டாம், ‘அவள் இப்படிக் கேட்கிறாள், என்ன சொல்லலாம்?’ என்று மூத்தவளிடம் யோசனை கேளுங்கள்.

சின்னவள் உங்களிடம் ‘நான் குண்டா?’ என்று கேட்டால், ‘சேச்சே, இல்லை’ என்று பதறாதீர்கள். குண்டாக இருப்பது பயப்பட வேண்டிய விஷயம் என்று அந்தப் பதற்றம்தான் அவளுக்குச் சொல்லித்தரும். யார் சொன்னது, எப்போது என்று சாதாரணமாகக் கேளுங்கள். இன்னும் சில மாதங்களில் உடல் மாறத் தொடங்கும், எடை கூடும், அது சரியானதுதான் என்று இப்போதே சொல்லி வையுங்கள். மூத்தவளுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமே 13 வயதுக்குக் கீழ் கணக்கு கூடாது என்கிறது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவளுடைய படத்தை உங்கள் கணக்கில் போடுவதாக இருந்தால் அவளைக் கேட்டுவிட்டு, ஃபில்டர் இல்லாமல் போடுங்கள்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் அடுத்த கடிதத்தில் குறிப்பிடுங்கள், இதில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.